கொலுவில் ஜெனி பாடினாள்

ஜெனி என்ற பெயரை முதன்முதலில் நான் ஒரு புகாராகத்தான் கேட்டேன். புகார் சொன்னவள் ஏஞ்சல், என் சித்தி மகள்.

"அக்கா, எங்க சர்ச்சு பாட்டுக் குழுவுல ஜெனின்னு ஒண்ணு வந்துகீது. அது வாயைத் தொறந்தா பக்கத்துல நிக்கிறவங்களுக்குப் பாட்டே மறந்துபோவுது. மாஸ்டர் பொறுத்துப் பார்த்துட்டு, கடைசி வரிசையில நின்னு வாயை மட்டும் அசைம்மான்னாரு. அதுக்கு இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'கேக்குற ஆண்டவரே சும்மா கீறாரு, உங்களுக்கு இன்னா சார்'னுது!"

அடுத்த வருஷமே அந்தப் பெண் ஏஞ்சலுக்கு மருமகளாக வந்துவிட்டாள். ஏஞ்சலின் மகன் ஆஸ்டின் இத்தனை நாளும் கடைசி வரிசையைப் பார்த்தேதான் ஜெபம் பண்ணியிருக்கிறான். அப்படித்தான் ஜெனி என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுகிற உறவானாள்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் அவள் ரவிக்கை தைத்தாள். மெஷினை மிதிக்கும்போது பாட்டும் சேர்ந்து வரும். பக்கத்துக் காலனியின் ரெண்டாவது தெருவிலிருந்து ஞானாம்பாள் டீச்சர் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருவார். அந்தக் காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அவர். கடை வாசலிலேயே காதைப் பொத்திக்கொள்வார்.

"ஏண்டி ஜெனி, மொதல்ல உன் வாய்க்கு ஒரு தையல் போடேன்."

"நூல் தீந்துபோச்சு டீச்சர்."

இந்தச் சண்டைக்காகவே டீச்சர் கிழியாத ரவிக்கையைக்கூடத் தைக்கக் கொண்டுவருவார் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். தைத்து வைத்த ரவிக்கைகள் கடை ஆணியிலேயே தொங்கின. டீச்சரின் மருமகள் ப்ரியா தன் துணியை வாங்க வந்தபோது ஜெனி விசாரித்திருக்கிறாள். "அத்தை பெங்களூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க" என்று பதில் வந்தது.

இதை ஜெனி பேச்சுவாக்கில்தான் என்னிடம் சொன்னாள். அந்தக் காலனியில் பாதி வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் நான். யார் யாருக்கு அக்கா, யார் யாருக்குக் கொழுந்தன் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகச் சொல்ல வரும்.

"எந்தத் தங்கச்சிடி? டீச்சருக்கு ஒரே தங்கச்சி. அது கொரோனாவுல போயிருச்சே! நான் துக்கம் கேட்டுட்டு வந்தேனே!"

ஜெனி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மறுநாள் ரவிக்கைகளைக் கொடுக்கிற சாக்கில் அந்த வீட்டுக்குப் போனாள். ப்ரியா கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகவே பையை வாங்கிக்கொண்டாள். பின்பக்க அறையின் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பேப்பர் ஒட்டியிருந்தது. கொடியில் டீச்சர் புடவை ஒன்றுகூட இல்லை. தெருமுனையில் கீரைக்காரியிடம் கேட்டால், "அந்தம்மா ஸ்ரீரங்கத்துல கீதாமே" என்றாள்.

"ஒரு கிழவி, ரெண்டு ஊரு. எந்த ஊருக்கும் ரவிக்கை வேணாம். பெரிம்மா, அது வூட்டுக்குள்ளதான் கீது" என்றாள் ஜெனி.

ஆஸ்டின் ஒரே தலையசைப்பில் முடித்துவிட்டான். "பெரிய எடத்து சமாச்சாரம். நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"நாளைக்கு உன்னை ஒருத்தன் பூட்டி வச்சா, நானும் அப்படியே சொல்லட்டா?"

முதியோருக்கு உதவுகிற போன் நம்பரை ஆஸ்டினே தேடிக் கொடுத்தான்.

போனில் பேசிய பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இரண்டு பேர் வந்தும் பார்த்தார்கள். கேட்டில் நின்றது டீச்சரின் மகன் ராஜாராமன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சிறுசேரி கம்பெனி அட்டை. "அம்மா ஊர்ல இல்லை சார்" என்று இங்கிலீஷ் கலந்து சொன்னான். வந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், நன்றி சொல்லித் திரும்பிவிட்டார்கள். ஆனால் போன் பெண் விடவில்லை. "அவங்களைப் பார்த்தாலோ குரல் கேட்டாலோ உடனே கூப்பிடுங்க அக்கா. நாங்க இதை மூடலை" என்றாள்.

உள்ளே போக வழியில்லாமல் ஜெனி அலைந்துகொண்டிருந்தபோதுதான் நவராத்திரி வந்தது.

கொலு வைத்த வீட்டில் குங்குமம் வாங்க வருகிற பெண்ணை வாசலோடு அனுப்ப முடியாது. அது ப்ரியாவுக்கும் தெரியும். ஆனால் கொலு வைக்காமல் விட்டால் தெரு பேசும். அதனால் வைத்தாள், வாட்ஸ்அப்பில் தெருவையே கூப்பிட்டாள். கூப்பிடாத என்னையும் சேர்த்துக்கொண்டு ஜெனி போனாள்.

ஹாலில் படி கட்டி பொம்மைகள், பட்டுப்புடவைகள், கொண்டைக்கடலைச் சுண்டல். டெட்டால் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் மூத்திர வாசனையும் இருந்தது. ஜெனி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

எதிர்வீட்டு நித்யஸ்ரீ ஒரு கீர்த்தனை பாடினாள். தேன்தான். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"அடுத்து யாரு?" என்றார்கள்.

"நான் மேடம்" என்று ஜெனி எழுந்தாள்.

"நீங்களா? உங்களுக்கு சர்ச் பாட்டுதானே தெரியும்?" என்றாள் ப்ரியா.

"ஆடி மாசம் ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டு அம்மன் பாட்டும் வரும் மேடம்."

முந்தானையைச் செருகிக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்தாள். அவள் ஜென்மத்தில் அவ்வளவு மோசமாகப் பாடி நான் கேட்டதில்லை. ஒரு குழந்தை அழுதது. செட்டியார் பொம்மைகூட முகம் சுளித்த மாதிரி எனக்குப் பட்டது.

இரண்டாவது அடியில் டொக் என்று கேட்டது. ஜெனி இன்னும் மேலே ஏற்றினாள். டொக், டொக். பின்னறைக் கதவில் டம்ளர் இடிக்கிற சத்தம்.

"யாருடி அது! ஸ்ருதி எங்கேயோ போறது! நிறுத்து!"

ப்ரியா முகம் வெளுத்துப்போய், "டிவி… உள்ளே டிவி ஓடுது" என்றாள்.

"ஜெனியா? இன்னும் நீ திருந்தலையாடி?"

"மேடம், உங்க டிவி என் பேரைச் சொல்லுது" என்றாள் ஜெனி.

யாரும் சிரிக்கவில்லை. நித்யஸ்ரீயின் அம்மா நேரே போனாள். தாழ்ப்பாள் கதவுக்கு வெளிப்பக்கம் போட்டிருந்தது. திறந்தாள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். முடி சடை பிடித்திருந்தது. கண்ணாடி இல்லை. குதிகாலில் புண். தட்டில் காய்ந்துபோன சோறு. உதடு வெடித்திருந்தது. ஜெனி தண்ணீர் புகட்டினாள். குடித்து முடித்த டீச்சர், "இன்னைக்குக் கொலுவா? சுண்டல் எங்கேடி?" என்றார். வாயில் போட்டு மென்றுவிட்டு, "உப்பே இல்லை" என்றார்.

அப்போதுதான் ஜெனி அழுதாள். அழுதுகொண்டே போன் போட்டாள்.

இந்தத் தடவை வந்தவர்கள் கேட்டில் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது, சமூக நலத்துறை அம்மா ஒருத்தர் வந்தார். ராஜாராமன் ஓடிவந்தான். "ஞாபகம் தப்பி வெளியே போயிடறாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும். வேற என்னதான் செய்யறது?"

"அதுக்கு ஆள் வெக்கணும் சார், தாப்பா இல்ல" என்றாள் ஜெனி.

ப்ரியா சுவரோரம் நின்று, தனக்குத் தூக்கமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதுவும் பொய்யாக இருக்காது. அதற்காக வெளித்தாழ்ப்பாளை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

தாம்பரத்தில் அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. எங்கே இருக்க ஆசை என்று டீச்சரையே கேட்டார்கள். "என் வீட்டில். ஆனா யாராவது பேசிண்டே இருக்கணும்" என்றார். வீடு டீச்சர் பேரில் இருந்தது. மகனும் மருமகளும் சிறுசேரிப் பக்கம் குடிபோனார்கள். டீச்சரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸுக்கு மகன் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவானது. பின்னறைத் தாழ்ப்பாளை ஆஸ்டின் கழற்றி எடுத்துவிட்டான்.

டீச்சருக்கு இப்போது சில நாள் மகன் பெயர்கூட மறந்துபோகிறது. ஜெனி வாயைத் திறந்தால் மட்டும் எல்லாம் ஞாபகம் வந்து திட்டுகிறார்.

ஜெனி கேம்ப் ரோட்டுக் கடையைக் காலி செய்துவிட்டாள். இப்போது ரெண்டாவது தெருவில், டீச்சர் வீட்டு ஹாலில், கொலுப்படி இருந்த இடத்தில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.