நடுப்பக்கங்களைக் காணோம்

பெரியநாயக்கன்பாளையத்துப் பாலகோபாலுக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. முப்பது வருஷம் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர். எவ்வளவு நல்ல பம்ப்பானாலும் இதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்றுதான் தொடங்குவார். ரிட்டையர் ஆனதும் கம்பெனியை விட்டார், அந்தப் புத்தியை விடவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார். மருமகள் பிந்து போனில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள். "கண்ணாடியில தெரியற மூஞ்சி மேலயும் உங்களுக்கு டவுட்டு வருமுங்க" என்பாள் மனைவி வெங்கடலட்சுமி.

அப்படிப்பட்டவர் பழைய பத்திரிகை சேர்க்கக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? மாடி அறைக்கு இரண்டு பூட்டு. இதழுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பிரித்தால் தாள் நொறுங்கிவிடும் என்று அவரே பிரிக்க மாட்டார். அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

அந்த அறைக்குள் அவர் விட்ட ஒரே மனிதர் தேவானந்தம். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக உக்கடத்தில் அப்துல் கையூமின் பழைய பேப்பர் கடைக்கு வந்துவிடுவார். அங்கே அவிழ்ந்த மூட்டைகளுக்கு முன்னால்தான் இருவரும் பழகினார்கள். பாலகோபாலுக்கு வேறு சிநேகிதர் கிடையாது.

போன தை மாதம் அந்தக் கடையில் ஒரு கட்டு அவர் கைக்கு வந்தது. 'பஞ்சாலைத் தோழி' என்று மில் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஒரு காலத்தில் அச்சான வார இதழ். கருமத்தம்பட்டியில் ஒரு வீட்டில் இருந்து வந்தது. தேவானந்தம் ஆசையாகப் பார்க்க வந்தார். பாலகோபாலும் மனசு இளகி உறைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று மோட்டார் போடக் கீழே போனார்.

மறு வாரம் ஒரு கண்காட்சிக்காக இதழ்களைப் பிரித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றில்கூட நடுப்பக்கங்கள் இல்லை. தொடர்கதை வரும் இடம் அது.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் வெங்கடலட்சுமி.

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு."

கேட்கவில்லை. பத்திரிகை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'தேவானந்தத்தை வீட்டுக்குள் விடாதீர்கள். பிளேடோடு வருகிறார்.' அதற்குப் பிறகு தேவானந்தம் உக்கடம் பக்கமே தலைகாட்டவில்லை. "தப்புப் பண்ணாத ஆளு எதுக்கு ஒளியோணும்?" என்று பாலகோபால் கடையில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் அப்துல் கையூம் போன் செய்தார். "ஏனுங்க, அந்தக் கருமத்தம்பட்டி ஊட்டுல மிச்சத்தையும் போட்டுட்டாங்க. வந்து பாருங்க."

மூட்டைக்குள் துணி ஒட்டித் தைத்த ஒரு பைண்டு புத்தகம். உள்ளே பஞ்சாலைத் தோழியின் தொடர்கதை, முதல் அத்தியாயத்திலிருந்து முற்றும் வரை. மேலே மையில் 'ராசாத்தாள்' என்று சேர்த்து வைத்தவளின் பெயர். வாராவாரம் கதையை உருவிச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். பாலகோபாலின் அக்காவே செய்திருக்கிறாள். ஊரில் இருக்கிற அத்தனை பேர் மேலும் சந்தேகப்பட்ட மனிதருக்கு, எப்போதோ ஆசையாகக் கதை படித்த ஒரு பெண் உருவியிருப்பாள் என்ற நினைப்பு மட்டும் வராமல் போயிற்று.

புத்தகத்தோடு அங்கிருந்தே தேவானந்தத்தின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவர் மனைவி விமலாராணி ஒதுங்கி வழிவிட்டாள்.

"பெரிய தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்று புத்தகத்தை நீட்டினார் பாலகோபால்.

தேவானந்தம் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கதை கெடச்சிருச்சுங்களா? நல்லதுங்க" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க மோட்டார் போடப் போனப்பவே பாத்தனுங்க, நடுவுல பக்கமே இல்லைன்னு. அத்தனை சந்தோஷமா இருந்தீங்க. சொல்றதுக்கு மனசு வல்லீங்க" என்றார்.

பாலகோபால் தலையாட்டினார். ஆனால் உள்ளுக்குள், 'நிஜமாகவே அன்றைக்குப் பார்த்திருப்பாரா, இப்போது சொல்கிறாரா?' என்று ஒரு கேள்வி எழுந்தது. எழுந்த மறுகணமே அவருக்குத் தன்மேல் அருவருப்பாகிவிட்டது. விமலாராணி வைத்த காப்பியைத் தொட முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

தேவானந்தம் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அட, விடுங்க. நீங்க எழுதுனதை நான் எப்பவோ மறந்துட்டேனுங்க" என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.