மேகம் இறங்கினால் ஜாதகம் நிற்கும்

கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவர்களே, உங்களுக்குக் கரண்ட் ஒன்றுதான் எதிரி. கொடைக்கானலில் எனக்கு மேகமும் சேர்ந்துகொண்டது.

எண்பதுகளின் கடைசி. ஏரிச்சாலையில் ஒரு சின்ன அறை, வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' போர்டு. முதலாளி பழநியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர். செண்பகனூர்க் கிறிஸ்தவனான எனக்கு ராசியும் தெரியாது, லக்னமும் தெரியாது, தெரிந்ததெல்லாம் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழி. ஆள் வராத நேரத்தில் புரோகிராம் எழுதித் திரையில் படகு ஓட்டுவேன். அந்தப் படகுக்காகத்தான் வேலைக்கே சேர்ந்தேன்.

முதலாளியோ, "சீசன் முடியுறதுக்குள்ள கூட்டம் சேரணும். இல்லன்னா பெட்டியத் தூக்கி பழநி அடிவாரத்துல வச்சிருவேன். அங்க உக்கார என் மச்சினன் இருக்கான்" என்று சொல்லிவிட்டார். பெட்டி போனால் எனக்கு வேறு கம்ப்யூட்டர் ஏது? நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வாசலைப் பார்ப்பேன், பல்பைப் பார்ப்பேன், மறுபடியும் வாசல்.

பிறந்த நேரம்

பள்ளங்கியிலிருந்து ஓர் அம்மா மகனுக்கு ஜாதகம் கேட்டு வந்தார். பிறந்த நேரம் கேட்டேன். "மொத பஸ்ஸு வந்து நின்னுச்சு, இவன் பெறந்தான்" என்றார். மணி வேண்டும், நிமிஷம் வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். பஸ்தான் பதில். கடைசியில் டீக்கடையில் விசாரித்து, முதல் பஸ் வரும் நேரத்தையே தட்டினேன்.

பிரிண்டர் கறகறவென்று பாதி ஜாதகம் அடித்திருக்கும். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஆனா அன்னைக்கு பஸ்ஸு லேட்டு தம்பி."

அடைகாத்தல்

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். புரோகிராம் இருக்கும் பிளாப்பித் தட்டு ஈரம் கோத்துக்கொண்டால் டிரைவ் கர் கர்ரென்று இருமுமே தவிரப் படிக்காது. இருந்ததோ ஒரே ஒரு ஜாதக பிளாப்பி. அதை உறையோடு ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டேன். என் அம்மா ஜெபமாலை வைத்திருந்த பயபக்தி என்னிடம் அப்போதுதான் வந்தது.

பக்கத்து டீக்கடை முனியாண்டி தினமும் எட்டிப் பார்த்துக் கேட்பான்: "ஏலே, குஞ்சு பொரிச்சிருச்சா?"

பாவம்

எங்கள் மாதா கோயில் உபதேசியார் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். ஜோசியம் பார்ப்பது பாவம் என்று ஆரம்பித்தார். "நான் பார்க்கலைங்க, பெட்டிதான் பார்க்குது" என்றேன். அவர் தாடையைத் தடவியபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்கு டீச்சர் வேலை தள்ளிக்கொண்டே போகிற கவலை அவருக்கு.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "நீ பாக்காத. எம் மகளுக்கு வேலை எப்பன்னு அதுவாச் சொன்னா மட்டும் வந்து சொல்லு."

பத்துப் பொருத்தம்

சீசனின் கடைசி வாரம் முதலாளி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கென்று மழை, ஈ காக்கை இல்லை. அப்போது கிளாவரையிலிருந்து பூண்டு ஏற்றி வந்த ஜீப்பில் ஒரு விவசாயி இறங்கினார். மகளுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டுமாம். முதலாளி முன்னால் கூச்சப்பட்டு நான் மேஜைமேல் எடுத்து வைத்திருந்த பிளாப்பியை, "நானே போடுறேன்" என்று அவரே செருகினார். கர், கர்ர். வாங்கி ஸ்வெட்டருக்குள் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டதும் பிடித்துக்கொண்டது.

பிரிண்டர் ஆறாவது பொருத்தத்தை அடித்து முடித்தது, கரண்ட் போயிற்று. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். வருகிற வழியாய் இல்லை. இதோடு பெட்டியும் போச்சு, படகும் போச்சு என்று தோன்றி, அழுகையே வந்துவிட்டது. விவசாயி தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆறு போதும் தம்பி. மிச்ச நாலும் கரண்டு மாதிரி, வரும் போகும். அத அவுக ரெண்டு பேரும் பாத்துக்கிருவாக."

தீர்ப்பு

மழை விட்டதும் முதலாளி பெட்டியைக் கட்டச் சொன்னார். கயிறு போட்டுவிட்டு, பிளாப்பியை மறுபடியும் ஸ்வெட்டருக்குள் வைத்தேன். அவர் என் ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"மச்சினனுக்கு அடைகாக்கத் தெரியாது. நீயும் வண்டியில ஏறு."

கம்ப்யூட்டர் வந்தால் மனுஷனுக்கு வேலை மிச்சம் என்றார்கள். மலையில் அதைக் குளிர் காய வைத்த நான், பழநி வெயிலில் பிளாப்பி வளைந்துவிடக் கூடாதென்று பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன்.