லைன்மேன் தனசேகரனும் கால் கிலோ மரமஞ்சளும்

சின்ன காஞ்சிபுரத்தில் லைன்மேன் தனசேகரனைப் பிடிக்காதவர்கள் பட்டியல் போட்டால், முதல் பெயர் அவருடைய மாமனார்தான். மச்சினன் கல்யாணத்துக்குக் கம்பத்தில் கொக்கி மாட்டிச் சீரியல் பல்பு எரியவிட்டிருந்தார்கள். வீட்டு மாப்பிள்ளை தனசேகரன் வந்தார், ஏணியைச் சாத்தினார், கொக்கியைக் கழற்றினார். பிறகு அதே இருட்டில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசமும் கேட்டார். அப்படி ஒரு ஜென்மம்.

முப்பத்திரண்டு வருஷம் திருட்டுக் கொக்கி கழற்றிவிட்டு ஓய்வு பெற்ற மறு வருஷமே, மனைவி சங்கரிக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். நான்கு கீமோவில் சங்கரிக்குத் தலைமுடி போயிற்று, உடம்பு பாதியாயிற்று. வாய் மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. ஐந்தாவது கீமோவுக்குச் செவ்வாய்க்கிழமை என்று தேதி கொடுத்திருந்தார்கள்.

தனசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. இடி இடிக்கும்போது கம்பம் ஏறிய மனுஷன், இதற்குப் பயந்துபோனார். பயந்தவன் கையில் செல்போனும் இருந்தால் கேட்கவா வேண்டும்? ஒரு வீடியோ கிடைத்தது. ஹுவாங்லியன் என்று ஒரு சீனத்து வேராம். அதிலுள்ள பெர்பெரின் என்ற சாரம், புற்றுநோய்ச் செல் தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிற இடத்திலேயே போய்க் கை வைக்கிறதாம். சோதனைக்கூடத்தில் செல்கள் பட்டினியால் சுருண்டு விழுகின்றனவாம்.

தனசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, உள்ள கொக்கி போட்டு இழுத்துக்கினு கீறான்பா! இத்த நான் பார்த்துக்கிறேன்."

நாட்டுமருந்துக் கடைக்குப் போய் ஹுவாங்லியன் கேட்டார். கடைக்காரர் பழனி அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தனசேகரனின் போனை வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்குண்ணா சைனா? இந்தச் சாரம் நம்ம மரமஞ்சள்லயே இருக்குது."

"கேன்சருக்குக் கேக்குமா?"

"நான் புண்ணுக்குதான்பா விக்கிறேன். கேன்சருக்கு டாக்டரக் கேளு."

கடைசி வாக்கியம் தனசேகரன் காதில் ஏறவே இல்லை. கால் கிலோ பொடி வாங்கிக்கொண்டார்.

ஆனால் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொட்ட ஆள் இல்லை அவர். சங்கரிக்குக் கொடுக்கும் முன் நான்கு நாள் தானே குடித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தார். கசப்பென்றால் அப்பேர்ப்பட்ட கசப்பு. வேப்பிலையெல்லாம் அதற்கு முன்னால் மைசூர்பாகு. தான் ஏற்கெனவே சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு, புற்றைப் பட்டினி போடுகிறேன் பேர்வழி என்று வீட்டுச் சர்க்கரை டப்பாவையும் பரணில் ஒளித்துவைத்தார். வெறுங்காபி குடித்த சங்கரி திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டது.

செவ்வாய்க்கிழமை, கீமோ வார்டில் நர்ஸ் கிரேஸ் சங்கரியின் பெயரைக் கூப்பிட்டாள். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்த தனசேகரன் அப்படியே ஃபைலோடு கீழே சரிந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது. கிரேஸ் விரலில் குத்திப் பார்த்தாள், சர்க்கரை ஐம்பத்திரண்டு. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சங்கரிக்கு ஒதுக்கிய கட்டிலிலேயே அவரைக் கிடத்தினார்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர் தேவிப்ரியா. தனசேகரன் மின்விசிறியைப் பார்த்தார். அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பொட்டலம் எட்டிப் பார்த்தது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

டாக்டரின் முகம் இறுகியது. "லேப்ல தட்டுல வளர்த்த செல்லுல வேலை செஞ்சது நிஜம்தான். மனுஷங்களுக்குக் கேன்சரைக் குணமாக்கும்னு யாரும் இன்னும் நிரூபிக்கலை. இது சர்க்கரையைக் குறைச்சுடும். கீமோவோட சேர்ந்தா என்ன பண்ணும்னு சொல்லவே முடியாது. இவங்களுக்கும் குடுத்தீங்களா? குடுத்திருந்தா இன்னிக்குக் கீமோ கிடையாது."

தனசேகரனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சத்தியமா இல்லம்மா. நாளைலருந்து குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்கு முந்தி எனக்கு எதனா ஆவுதான்னு பார்த்துக்கினு இருந்தேன்."

"அதான் ஆயிடுச்சே!" என்று பாய்ந்தாள் சங்கரி. "அறிவிருக்குதாய்யா உனக்கு? உசுரு போயிருந்தா?"

"எனக்கு ஆனா பரவால்ல சங்கரி."

"எனக்குப் பரவால்லன்னு எவன்யா சொன்னான்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க இன்னும் இரண்டு திட்டுத் திட்டினாள்.

அரை மணி நேரத்தில் தனசேகரனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. சங்கரிக்கு மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரேஸ்தான் நோட்டோடு தயங்கினாள். "கூட ஆள் இல்லாம ஏத்தக் கூடாதும்மா. வந்தவரே படுத்துக்கினு இருக்காரு, யார் பேர எழுதறது?"

"தள்ளிப் படுய்யா, என் கட்டில் இது" என்று சங்கரி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "எழுதிக்கம்மா. எனக்குக் கூட அவரு. அவருக்குக் கூட நானு."

ஊசிக்கு ஒரு கையை நீட்டினாள். மறு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் காலியாகும்வரை விடவில்லை.