அவன் ஒதுங்கிக் கொடுத்த இடம்

வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் சமயபாடம் படிப்பித்த வாய். முன்னால் இருப்பவர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பது நான்தான்.

பாரிசவாதம் வந்து என் கணவருக்குப் பேச்சுப் போன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் மோசமாகிவிட்டது. அவர் உதட்டை அசைக்க முன்னரே, "தேத்தண்ணியோ? தலகணியை உயர்த்தவோ? ஃபானைக் கூட்டிவிடவோ?" என்று அடுக்குவேன். பாவம் மனுசன், களைத்துப்போய் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒருநாள் சொல்லியே விட்டாள்: "அன்ரி, நீங்கள் அவரைக் கதைக்க விடுறியள் இல்லை. இப்பிடியே போனால் அவர் கதைக்க முயற்சிக்கிறதையே விட்டிடுவார்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நேற்றுப் பிறந்தவள் எனக்குச் சொல்ல வந்திட்டாள்! ஆனால் ஆட்டோ எங்கள் ஊர் உரும்பிராய்க்கு வந்து சேரும்வரை அவள் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய குரல் இனி இந்த வீட்டில் கேட்கவே கேட்காதோ?

மத்தியானங்களில் அவருக்குப் புத்தகம் வாசிப்பேன். நோய்க்கு முன்னர் யூத மறைஞானம் பற்றிய புத்தகமொன்றை அவர் பாதியில் வைத்திருந்தார். "எங்கடை சைவ சித்தாந்தம் முழுக்க விளங்கி முடிஞ்சுதாக்கும், இப்ப யூதரிட்டைப் போறியள்" என்று அப்போது நக்கலடித்தவள் நான். இப்போது அதையே நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய பக்கத்தில் இருந்தது இதுதான். ஆதியில் எல்லையற்ற இறைவனே எங்கும் நிறைந்திருந்தானாம். வேறொன்று இருக்க இடமே இல்லை. ஆகவே அவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கினான். அந்த வெறுமையில்தான் உலகம் உண்டாயிற்று. அவனுடைய ஒளியின் பொறிகள் மிகச் சாதாரணமான பொருட்களுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கண்டு மீட்பதற்கே மனிதராகப் பிறந்திருக்கிறோம்.

சிவனுடைய ஐந்தொழிலில் ஒன்றான மறைத்தலை எத்தனை வகுப்புகளுக்குப் படிப்பித்திருப்பேன்! எல்லாம் வல்லவன் இன்னொன்றுக்காக ஒதுங்கி இடம் கொடுப்பான் என்பது மட்டும் என் மரமண்டையில் ஏறியதே இல்லை. மேலெல்லாம் புல்லரித்தது. கடவுளே ஒதுங்கியிருக்கிறார், நான் ஒதுங்கமாட்டேன் என்று நிற்கிறேனே!

புத்தகத்தை மூடியபோது அவருடைய உதடு அசைந்தது. தேத்தண்ணியோ என்று கேட்க என் நாக்குத் துடித்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடி நின்றது. அவருக்கு நெற்றி வியர்த்தது. என்ரை சிவனே, ஒதுங்கியிருப்பது இவ்வளவு கஷ்டமா! நீ எப்படித்தான் இவ்வளவு காலமும் பொறுத்திருக்கிறாய்?

"நீர்..." என்றார்.

காத்திருந்தேன்.

"நீர் சாப்... சாப்பிட்டனீரோ?"

இத்தனை மாதமும் அவருக்கு என்ன வேண்டும் என்றுதான் நான் ஊகித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் இல்லை" என்றேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்தார். பசித்த வயிற்றோடு நான் காத்திருந்தேன்.