திணிவு தரப்படாத கணக்கு

உயர்தர வகுப்பில் சேர்ந்த முதல் வருடம், பதினாறு வயதிலேயே நான் பெரியவளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பௌதிகவியல் ஆசிரியர் தந்த ஒரு கணக்கில் பிழை கண்டுபிடித்த பெருமையும் சேர்ந்திருந்தது. சாய்தளமொன்றை மெல்ல உயர்த்தும்போது, முப்பது பாகையில் அதன்மேல் வைத்த பெட்டி வழுக்கத் தொடங்குகிறது. உராய்வுக் குணகம் என்ன? பெட்டியின் திணிவைத் தர ஆசிரியர் மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை. அம்மாவும் அப்பாவும் கொட்டகலைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நானும் சித்தியும்தான். அம்மாவின் தங்கையான அவர், டிக்கோயாப் பக்கம் கல்யாணமாகிப் போன தோட்டத்திலிருந்து சில மாதங்களுக்கு முன் திரும்பி வந்திருந்தார். உடம்பு சரியில்லை என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதிகம் பேசமாட்டார்.

“காலையிலேர்ந்து ஒரே பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்க?”

“கணக்கு தப்பு சித்தி. பெட்டியோட பாரம் போடல.”

“பாரம் கூடுனா சீக்கிரம் வழுக்கும்தானே. அதப் போடாம எப்படி?” என்றார் சித்தி.

அதை நிரூபிக்கத்தான் கட்டில் பலகை ஒன்றைக் கழற்றினோம். காலிப் பால்மா டின்னை அதன்மேல் வைத்துச் சித்தி ஒரு முனையைத் தூக்க, நான் பாகைமானியைப் பிடித்தேன். இருபத்திரண்டு பாகையில் டின் நகர்ந்தது. அதில் அரிசியை நிரப்பி மறுபடி தூக்கினோம். அதே இருபத்திரண்டு.

“இன்னும் பாரம் போடு” என்றார் சித்தி.

அரிசியைக் கொட்டிவிட்டு, வாசலில் பொறுக்கிய கற்களை நிரப்பினோம். அப்போதும் மாறவில்லை. சித்தி விடவில்லை. நாலைந்து தடவை தூக்கிப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. சமன்பாட்டை எழுதினேன். திணிவு இரண்டு பக்கமும் இருந்தது. இரண்டையும் வெட்டினேன்.

“அப்ப பாரத்தாலதான் வழுக்குதுன்னு இல்லையா?”

“இல்ல சித்தி. எவ்வளவு சரிவு, எவ்வளவு வழுவழுப்பு, அவ்வளவுதான்.”

“மழையில நனைஞ்சிருந்தா?”

“நனைஞ்சா காலி டின்னும்தான் வழுக்கும்.”

சித்தி நான் வெட்டிய கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “இது நெசந்தானா?” என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். பிறகு, “இத ஒரு தாள்ல எழுதித் தர்றியா?” என்றார். அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். ஐந்து மாதக் கர்ப்பத்தில், மழை நாளொன்றில், கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் இறங்கிய சித்தி வழுக்கி விழுந்திருக்கிறார். குழந்தை தங்கவில்லை. கூடக் கொழுந்துக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால்தான் விழுந்தாள் என்று புருஷன் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். சித்தியும் அதை நம்பிவிட்டாராம். அந்தப் பாதையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்திக்குப் பௌதிகவியலில் ஆர்வம் வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோய், அடுத்த கணக்கையும் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்.