இருபது சுற்று

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. 'கரெக்ட் டைம்' என்றால் சின்னக் குழந்தைகூடக் கடையைக் காட்டிவிடும். ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அகலத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர்க் கடை. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் அவர் கையில் இருந்தது. முப்பத்தோரு வருஷமாக அது ஒரு நிமிஷம் முன்னே போனதில்லை, பின்னே வந்ததில்லை. எதிர்ச்சாரி வங்கியின் காவலாளி தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். யாரும் கேட்காதபோதும் மனிதர் கையை ஒரு தினுசாகத் திருப்பி நேரம் பார்ப்பார். அந்தத் திருப்பலில் இருக்கிற மிடுக்கு இருக்கிறதே, ஊரில் சூரியனைக் கிளப்பி விடுவதே இவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

ஒரு நாள் முற்பகலில், அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அதற்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய பழைய வாட்ச் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரோடது, தம்பி. அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. அப்பா ஞாபகமா இதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஓட வச்சு, உடையாம கொள்ளாம அங்க போய்ச் சேர்றமாதிரி அனுப்பித் தரணும். உங்களை மாதிரி கைராசிக்காரர் யாருமில்லன்னு சொன்னாங்க."

"கவலையே படாதீங்கக்கா. நான் பார்த்துக்கிறேன்" என்று கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு, பின்மூடியைக் கழற்றினார்.

மூடியின் உட்பக்கம் ஒரு சின்ன முக்கோணம். பக்கத்தில் மாதமும் வருஷமும் ஊசியால் கீறியிருந்தது. வாட்சைத் திறந்து வேலை பார்த்தவர் உள்ளே தன் அடையாளத்தைக் கீறி வைப்பது தொழிலில் உள்ள வழக்கம். அடுத்து திறக்கப்போகும் இன்னொரு ரிப்பேர்க்காரரைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படாது. முக்கோணம் இவருடைய அடையாளம். வருஷம், கடை திறந்த இரண்டாம் வருஷம்.

அந்த அம்மாள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். "அவர் கைக்கும் இந்த வாட்சுக்கும் ஒத்தே வராது தம்பி. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பின்னால போகும். யாரோ ரிப்பேர்க்காரர் சொன்னாராம், 'சாவி குடுக்கிற கை சரியில்ல சார், இருபது சுத்துக்கு மேல போகாதீங்க'ன்னு. அன்னையிலிருந்து தினம் காலைல வாய்விட்டு எண்ணுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எம்பொண்ணு எண்ணிக்கை கத்துக்கிட்டதே அதுலதான். இருபது வரைக்கும் நல்லா சொல்லும், அதுக்கப்புறம் முழிக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கரெக்ட் டைம் சிரிக்கவில்லை. லென்ஸ் வழியாக அவருக்கு பேலன்ஸ் வீல் தெரிந்தது. வாட்ச் நேரம் தவறாமல் ஓடுவதற்கு அந்தச் சக்கரத்தின் ஆட்டம்தான் ஆதாரம். மற்றச் சக்கரங்கள் எல்லாம் பொன்னிறமாக இருக்க, இது மட்டும் வெளிறிப்போய், இன்னொரு வீட்டுப் பிள்ளை குடும்பப் படத்தில் நிற்பதுபோல் நின்றது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

நடந்தது இதுதான். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது. மாமனார் மறுநாள் வருவதாகச் செய்தி. இவர் அன்றைக்கென்று பார்த்துக் கல்யாண வாட்சைச் சிமெண்டுத் தரையில் போட்டு, பேலன்ஸ் வீலின் அச்சை முறித்து வைத்தார். 'நான் குடுத்ததையே காப்பாத்தத் தெரியலை, இவர் ஊரான் வாட்சைப் பார்க்கப்போறாராக்கும்' என்று மாமனார் சொல்லாவிட்டாலும் பார்வையிலேயே சொல்லிவிடுவாரே! மேஜை இழுப்பறையில், சுத்தம் செய்து எண்ணெய் விடுவதற்காக யாரோ கொடுத்த வாட்ச் கிடந்தது. அதே கம்பெனி, அதே இயந்திரம். ஒரே ஒரு நாளைக்குத்தானே என்று அதிலிருந்த சக்கரத்தை எடுத்துத் தன் வாட்சில் மாட்டிக்கொண்டார். வந்த மாமனார் நாலு நாள் தங்கினார். வாட்சின் சொந்தக்காரர் இரண்டாம் நாளே வந்து நின்றார். இவர் பழைய உதிரி டப்பாவைக் கிளறி, ஏதோ ஒரு சக்கரத்தை ஒப்புக்கு மாட்டிக் கொடுத்தனுப்பினார்.

அதோடு போயிருந்தால்கூட வாலிப வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். அந்த மனிதர் திரும்ப வந்தார். மூன்று தடவை வந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் சிவப்பு மை. "லேட்டாகுதுங்க. நான்தான் எதுவும் தப்பா பண்றேனோ?" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டார் நம்ம ஆள். "ஆமா சார், நீங்க சாவி குடுக்கிற விதம்தான்" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்த இருபதைச் சொல்லிவைத்தார். உண்மையில் அந்த வாட்சுக்குச் சாவி தானாக நிற்கும்வரை கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது. சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் தெருவே தன் கையைப் பார்த்து நேரம் வைக்கத் தொடங்கியிருந்தது. 'கரெக்ட் டைம்' என்ற பெயரும் விழுந்துவிட்டது. அந்தப் பெயரை விட மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு எந்தச் சாக்கும் அவரிடம் இல்லை.

"அதுக்கப்புறம் அவருக்கு எதைத் தொடவும் பயம்" என்றார் அந்த அம்மாள். "ரேடியோவைத் தொடமாட்டாரு. 'என் கை பட்டா கெட்டுடும்'பாரு. பொண்ணு முதல் சம்பளத்துல புது வாட்ச் வாங்கி அனுப்பினா. அதைப் பெட்டியோட உள்ள வச்சுட்டாரு. வேலைக்கு லேட்டாயிடுமோன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிப் போயி, பூட்டின கேட்டுக்கு முன்னாடி நிப்பாரு. மழையானாலும்தான். நானும் சும்மா இருந்தேனா? 'ஒரு வாட்சுக்குச் சாவி குடுக்கத் தெரியலை, நீங்களெல்லாம் ஒரு மனுஷன்'னு போகவர ஒரு குத்தல். பாவம், சிரிச்சுக்குவாரு."

கரெக்ட் டைம் இடது கையை மெல்ல மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டார். "ஒரு வாரம் கழிச்சு ஃபோன் பண்றேன்கா" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் படியிறங்கும்போது, "ரொம்ப நல்ல மனுஷன்" என்று செருப்புக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனது காதில் விழுந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை.

அன்று மத்தியானமே கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு தன் கைவாட்சைக் கழற்றினார். முப்பத்தோரு வருஷத்துப் பட்டைத் தழும்பு மணிக்கட்டில் வெளுப்பாக இருந்தது. பொன்னிறச் சக்கரத்தை இடுக்கியால் எடுத்தார். எடுத்ததை அதன் சொந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தார். வைத்த மாத்திரத்தில் அது, நேற்றுத்தான் பிரிந்து போனதுபோல ஆடத் தொடங்கியது. மல்லாத்தி ஒரு நாள், கவிழ்த்து ஒரு நாள், செங்குத்தாக நிறுத்தி ஒரு நாள் பார்த்தார். ஒரு விநாடி பிசகவில்லை.

"உங்க வாட்ச் எங்கங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சர்வீஸுக்குப் பிரிச்சிருக்கேன்."

"உங்க வாட்சுக்கா? சர்வீஸா?" என்று அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பல் தேய்ப்பதுபோல் வாசல் பக்கம் போய்விட்டார்.

வாட்சை அனுப்புகிற வேலையைப்போல் வேறு எந்த வேலையையும் அவர் வாழ்நாளில் அத்தனை சிரத்தையாகச் செய்ததில்லை. வழியில் அதிர்ச்சி பட்டால் தாங்கவேண்டுமே என்று சாவி கொடுத்தால் முறுக்கேறுகிற மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்க இறக்கினார். சாவித் திருகை உள்ளே அழுத்தி, கண்ணாடிமேல் மெல்லிய தாள் ஒட்டி, மஸ்லின் துணியில் சுற்றி, வீட்டிலிருந்து கேட்காமல் எடுத்து வந்த புது சோப்பு டப்பாவில் வைத்துப் பஞ்சு அடைத்தார். அந்த டப்பாவைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு, அதற்கு வெளியே கெட்டி அட்டைப்பெட்டி. காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. கோழி அடைகாப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பார்சல் அலுவலகத்துக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த பெண், "பேட்டரி இருக்குங்களா? பேட்டரி இருந்தா விமானத்துல ஏத்த மாட்டாங்க" என்றாள்.

"இல்லம்மா. சாவி குடுக்கிறது."

"சாவி தனியா உள்ள இருக்கா?"

வேறு நாளாக இருந்தால் இதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். அன்று விளக்கம் மட்டும் சொன்னார். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஒரு கட்டம். "ரிப்பேர் பண்ணித் திருப்பி அனுப்பற பொருளா இருந்தா, என்ன ரிப்பேர்னு அங்க எழுதணும் சார். அந்த நாட்டு சுங்கத்துல கேப்பாங்க."

பேனாவை எடுத்தார். 'பேலன்ஸ் வீல்' என்று எழுத ஆரம்பித்து, 'பே'யோடு நிறுத்தினார். திருப்பி வைத்தது என்று எழுதுவதா, மாற்றியது என்று எழுதுவதா? பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. வேறு படிவம் வாங்கி, 'சுத்தம் செய்து எண்ணெய் விட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் ரசீதில் எழுதிக் கொடுத்த அதே வார்த்தை. தெருவுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன என்று நடந்துகொண்டே தனக்குத்தானே சமாதானம் சொன்னார். வங்கிக் காவலாளி, "சார், மணி என்ன?" என்று வழக்கம்போல் கேட்டார். பழக்கதோஷத்தில் கையைத் திருப்பினார். வெறும் தழும்புதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அந்த அம்மாள் கடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஃபோன். திரையில் மகள், அவள் கையில் வாட்ச்.

"போய்ச் சேர்ந்துடுச்சு தம்பி! ஒரு கீறல் இல்லையாம். மூணு நாளா ஓடுதாம், ஒரு நிமிஷம் தப்பலையாம்!"

"அங்கிள், எப்படித் தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியலை" என்றாள் மகள். அழுது முடித்த குரல். "அப்பா இருக்கும்போதே உங்ககிட்ட வந்திருக்கணும். இன்னைக்குச் சாவி குடுக்க மறந்து இப்ப நின்னுடுச்சு, குடுக்கணும். அப்பா மாதிரியே எண்ணித்தான் குடுக்கிறேன். இருபது தானே அங்கிள்? அதுக்கு மேல போகக்கூடாதுல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரியம் முடிந்தது. இருவரும் வாழ்த்திவிட்டுப் போவார்கள். அந்த இருபது கடல் தாண்டி இன்னொரு வீட்டில், இன்னொரு காலையில், வாய்விட்டு எண்ணப்படும்.

"இல்லம்மா" என்றார். "அந்த இருபது பொய். நான் சொன்ன பொய்."

அந்த அம்மாள் புரியாமல் பார்த்தார். இவர் யார் முகத்தையும் பார்க்காமல், மேஜைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். மாமனார் வந்ததை, சக்கரத்தை எடுத்ததை, மூன்று தடவை வந்த மனிதரை மூன்று தடவையும் திருப்பி அனுப்பியதை. "அவர் கையில எந்தக் குத்தமும் இல்ல. நான்தான் திருடினேன். திருடிட்டு, பழியை அவர் கைமேல போட்டேன்." பேசி முடித்தபோது கழுத்து நிமிர மறுத்தது.

அந்த அம்மாள் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவர் கத்தவில்லை. ஃபோனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான்தானே தினம் தினம் அவரைக் குத்திக்காட்டினேன்..." என்றார். "எண்ணும்போதெல்லாம் நான் சிரிப்பேன் தம்பி. பொண்ணு முன்னாடியே சிரிப்பேன்."

தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்த மனிதர், அதை எங்கே கொண்டுபோய் இறக்கினார் என்று அப்போதுதான் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொல்லவும் கூசியது. விழுங்கிக்கொண்டார்.

ஃபோனிலிருந்து கிறிக், கிறிக் என்று சத்தம் வந்தது. மகள் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபதில் விரல் தானாக நின்றது. பிறகு,

"இருபத்தொண்ணு" என்றாள்.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருபத்திரெண்டு. இருபத்திமூணு."

நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்து நாலில் சாவி தானாக நின்றது. அதுவரை கரெக்ட் டைம் எழுந்து நின்றுகொண்டிருந்தார், உட்காரத் தோன்றவில்லை.