ஐந்து தந்தியும் முப்பது குளிர்காலமும்

பாஞ்சோ வாசிக்கிற தொழிலில் முதலில் பழுதாவது விரல் இல்லை, வயிறு. எப்போதாவது மேடை ஏறியிருந்தால் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாட்டோ, நாடகமோ, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியோ, எல்லாருக்கும் அதே வயிறுதான். நான் கனடாவில், மொன்றியலில் முப்பது வருடமாக ப்ளூஸ் வாசிக்கிறேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் கறுப்பின மக்களின் பாட்டை ஐந்து தந்தி வாத்தியத்தில் வாசிக்கிறான் என்றால் நம்புகிறவர்கள் குறைவு. "ஓம், உண்மைதான்" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது.

சித்தார் வித்துவான்

அகதியாக வந்து, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை செய்துகொண்டிருந்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய பாஞ்சோவை, நூலகத்தில் இரவல் எடுத்த ஒலிநாடாக்களைக் கேட்டுக் கேட்டு நானே பழகினேன். மூன்றாம் வருடம், பக்கத்து மதுக்கடையில் ஞாயிறு பின்னேரம் யாரும் வந்து வாசிக்கலாம் என்று பலகை போட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்த நேரத்திலிருந்து சோறு இறங்கவில்லை.

கடைக்காரர் என்னை, "இந்தியாவிலிருந்து வந்த சித்தார் வித்துவான்" என்று அறிமுகப்படுத்தினார். நான் திருத்தாமல் பாஞ்சோவை மடியில் வைத்தேன். முதல் பாட்டு முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. இரண்டாம் பாட்டின் நடுவில் மெல்லிய தந்தி அறுந்து கன்னத்தில் சுளீரென்று அடித்தது. இப்போது நிறுத்தினால் இனி ஒருநாளும் மேடை ஏறமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மிச்ச நாலு தந்தியில் பாட்டை இழுத்துக்கொண்டுபோய் முடித்தேன். சட்டைக் கழுத்து ஈரமாக இருந்தது. வியர்வை என்றே நினைத்தேன். முன் மேசையிலிருந்த வயதான பெண் ஒருத்தி எழுந்து வந்து, கடதாசிக் கைக்குட்டையை நீட்டி, பிரெஞ்சில் சொன்னாள்:

"ரத்தத்தைத் துடைச்சுப்போட்டு இன்னொருக்கால் வாசி. இந்தமுறை நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன்."

தோல்

பாஞ்சோவின் முகம் ஒரு சின்ன மேளம். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். மற்றவர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் நான் ஆட்டுத்தோலை விடவில்லை. ப்ளூசுக்கு அந்தக் கம்மிய குரல் வேண்டும். ஆனால் மொன்றியலில் தை மாதம் தோலுக்குப் பகை. வெளியே மூக்கு உறையும், உள்ளே ஹீட்டர் காற்று எல்லாவற்றையும் உலர்த்தி இறுக்கும்.

அப்படி ஒரு தை மாதம், அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் காலை நேரடி ஒலிபரப்பு. ஆளுயரத்தில் நிற்கிற, கட்டைக் குரல் தந்தி வாத்தியமான பேஸை வாசிக்கிற ரெஜான் பக்கத்தில் நிற்கிறான். அவன் என் நெடுநாள் கூட்டாளி. ஒலிபரப்புத் தொடங்குகிற சிவப்பு விளக்கு எரிய ஒரு நிமிடம் இருக்கும்போது என் மடியில் வெடிச் சத்தம் கேட்டது. நான் அப்படியே தரையோடு குனிந்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து வந்த உடம்பு அப்படித்தான் குனியும். நிமிர்ந்து பார்த்தால், தோல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிழிந்து, தந்திகள் தொங்கிக்கொண்டிருந்தன.

விளக்கு எரிந்தது. ரெஜான் என்னைப் பார்க்கவேயில்லை, பேஸில் தொடங்கிவிட்டான். வேறு வழியில்லாமல் பாஞ்சோவின் மரவிளிம்பை விரலால் தட்டிக்கொண்டு பாடினேன். மூன்று பாட்டு. முடிந்ததும் நிகழ்ச்சி நடத்திய பெண் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:

"நல்லா இருந்தது. அப்ப எதுக்கு இந்தச் சாமானைச் சுமந்துகொண்டு வந்தனீங்கள்?"

கர்க்லாண்ட் விருந்து

மொன்றியலுக்கு வெளியே கர்க்லாண்டில் ஒரு சென்னைக்கார டாக்டருக்கு அறுபதாம் பிறந்தநாள். தமிழர் ஒருவர் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு வரும் என்று காத்திருந்த சனம், ப்ளூஸ் வந்ததும் வடைத் தட்டுப் பக்கம் நகர்ந்தது. டாக்டர் மட்டும் முன் கதிரையில் அசையாமல் இருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் கண் என் இடது கையை விட்டு விலகவில்லை.

அந்தக் கையில் ஒரு கள்ளம் இருந்தது. நாலு மாதமாக மோதிர விரலும் சுண்டு விரலும் மரக்கட்டை மாதிரிக் கிடந்தன. மனைவி மங்கைக்கும் சொல்லவில்லை, ரெஜானுக்கும் சொல்லவில்லை. விரல் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். வாசித்து முடிந்ததும் டாக்டர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, என் சுண்டு விரலை நன்றாகக் கிள்ளினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லாம சொல்லுங்க சார், இது எத்தனை மாசமா மரத்துப்போயிருக்கு?"

தள்ளுவண்டி

முழங்கையில் நரம்பு நசுங்குகிறது, விட்டால் கை சூம்பிவிடும், வெட்டித் திறந்தாலும் விரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அறுவை வைத்தியர். மறைத்ததற்காக மங்கை ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஒப்பரேசன் காலையில், ஒரு காலத்தில் நான் தள்ளித் திரிந்த மாதிரியான வண்டியில் இப்போது நான் படுத்திருந்தேன். தள்ளிக்கொண்டு வந்தது ஒரு யாழ்ப்பாணப் பெண். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என்மேல் கடந்து போயின. இனி இந்தக் கை வாசிக்குமா என்பதைத் தவிர தலைக்குள் வேறொன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் வாசலில் அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

"அண்ணை, பயமெண்டால் பாடுங்கோ, பரவாயில்லை. ஆனா கொஞ்சம் மெதுவாப் பாடுங்கோ, சனம் எட்டியெட்டிப் பாக்குது."

பன்னிரண்டு தாளக்கட்டு

ஐந்து மாதத்தில் மோதிர விரல் திரும்பியது. சுண்டு விரல் திரும்பவில்லை. ரெஜானிடம், "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்குகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் நான் தனியாக வாசிக்கிற ஒரு வேகமான ஓட்டம், சுண்டு விரல் இல்லாமல் நடக்காது. வீட்டில் நூறு தரம் வேறு விரலால் பழகியிருந்தேன்.

அந்த இடம் வந்தது. மாற்று விரல் தந்தியைத் தவறவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடியும் தவறியது. கையை எடுத்துவிட்டேன். முன்வரிசையில் மங்கை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ரெஜானின் பேஸ் உள்ளே வந்தது, மெதுவாக, ஒவ்வொரு சுரமாக. ஒரு ப்ளூஸ் சுற்றின் பன்னிரண்டு தாளக்கட்டையும் அவன் தனியாக வாசித்தான். நான் பாஞ்சோவின் ஐந்தாவதான குறுந்தந்தியை மட்டும் வலது பெருவிரலால் தட்டித் தட்டி அவனோடு போனேன். சனம் எழும்பி நின்று கை தட்டியது, அவனுக்கு.

மேடைக்குப் பின்னால் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் பேஸுக்கு உறை போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னான்:

"இருபது வருஷமா அந்த இடத்தில எனக்கு வழி விடு எண்டு கேட்டன். உன்ர விரல் செத்தாப் பிறகுதான் விட்டாய்."

ப்ளூஸ் துக்கத்தின் இசை என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், எனக்குத் தெரிந்தவரையில் அது அடுத்த அடி எந்தப் பக்கத்தால் விழும் என்று தெரியாமல், தாளத்தை மட்டும் விடாமல் குந்தியிருக்கிற உத்தியோகம்.